கோட்டில் தைத்த அட்டைகள்

இடது கை அட்டையைப் பைக்குள் தள்ளியது. வலது கை பையின் வாயை ஊசிக்குக் கீழே கொண்டுபோனது. கால் மிதியை ஒரு தட்டுத் தட்ட, மிஷின் வலது ஓரத்தில் தொடங்கி இடது ஓரத்தில் நின்றது. நூலை அறுக்கும்போது விரல்கள் கொஞ்சம் நீளம் விட்டே அறுத்தன. தைத்த சீருடைக் கோட்டு கூடைக்குப் போனது. அடுத்த கோட்டு மடிக்கு வந்தது.

அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு இரும்புப் பெட்டியிலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்குத் தையல்கூடத்தில் பாலிசி என்று பேர். மனிதவள அதிகாரி. லீவு கேட்டாலும், கழிப்பறையில் சோப்பு இல்லை என்றாலும், "கம்பெனி பாலிசிம்மா" என்பார். கத்த மாட்டார். கெட்ட வார்த்தை பேச மாட்டார். அவர் சிரித்துக்கொண்டே "இல்லை" என்று சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள், பாதி தூரம் வந்த பிறகுதான் கேட்டது கிடைக்கவில்லை என்பதை உணர்வார்கள்.

"துணி வாங்கற கம்பெனி ஆடிட்டர் வந்தா முதல் கேள்வியே இதுதான்மா," என்றார். "அடையாள அட்டை உங்ககிட்டயே இருக்கான்னு கேப்பாங்க. இனிமே நெஞ்சைத் தொட்டுக் காட்டலாம். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்ல பாருங்க."

"சாயங்காலம் கோட்டைக் கழட்டி மாட்டிட்டுத்தானே சார் போவோம்."

"கோட்டு கம்பெனியோடது. அதை எப்படி ஹாஸ்டலுக்குக் கொடுத்து விடறது?"

"அப்ப அட்டை?"

"அட்டை உங்களோடது. அதான் உங்க கோட்டுலயே இருக்கே."

அவள் அடுத்த அட்டையைத் தள்ளினாள். பை கண்ணாடிபோல் தெரியும் தடித்த பிளாஸ்டிக். பல்லுக்கு மசியாது. மூன்று பக்கமும் கோட்டின் மார்பில் தைத்தாகிவிட்டது. அட்டையைப் போட்டபின் வாயையும் தைக்க வேண்டும் என்பது உத்தரவு.

"வாய்க்கு ஒரு பொத்தான் வச்சாப் போதாதா சார்?"

"விழுந்து தொலைஞ்சா யார் பொறுப்பு? தைச்சிடுங்க."

அவளைப் பிரிப்பக்கா என்பார்கள். தப்பாகத் தைத்து வந்த துணிகளைப் பிரித்துச் சரிசெய்வது அவள் மேஜையின் வேலை. மேஜையில் இரண்டு மிஷின்கள். ஒன்று சாதாத் தையலுக்கு. இன்னொன்று இடுப்புப்பட்டி தைக்கிற பழைய சங்கிலித் தையல் மிஷின். மேலிருந்து பார்த்தால் இரண்டு தையலும் ஒன்றுபோலவே இருக்கும். துணியைப் புரட்டினால்தான் வித்தியாசம் தெரியும். சங்கிலித் தையல் அடிப்பக்கத்தில் பின்னல்போலக் கோத்துக்கொண்டு போகும். சாதாத் தையலைப் பிரிக்க ஒவ்வொரு கண்ணியாக வெட்ட வேண்டும். சங்கிலித் தையலுக்குக் கத்தி வேண்டாம். தைத்து முடித்த முனையில் அடிநூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று கழன்றுவிடும். தொடங்கிய முனையில் இழுத்தால் இன்னும் இறுகும்.

பாலிசி கோட்டுகளைக் கொண்டுவந்து இறக்கியபோது அவள் கைகள் தாமாகவே சங்கிலி மிஷினுக்குப் போயின.

"ஏன் இதுல?" என்று கேட்டார்.

"அதுல பிளாஸ்டிக் வழுக்கும் சார். பிடிக்காது."

அவர் ஒரு பையின் வாயில் கட்டைவிரலை விட்டு நெம்பிப் பார்த்தார். வலது ஓரத்தில் நீட்டியிருந்த நூலைப் பிடித்துச் சுண்டி இழுத்தும் பார்த்தார். அசையவில்லை.

"கெட்டியாத்தான் இருக்கு," என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தார்.

பெட்டி காலியாகிக்கொண்டு வந்தது. அவளுடைய அட்டை வந்தது; அதில் இருந்த இளமையான முகத்தைப் பார்க்காமல் தைத்தாள். அடுத்து வந்த அட்டையைப் பாலிசி அவளிடம் கொடுக்கவில்லை. ஒரு தரம் பார்த்துவிட்டுப் பெட்டியின் மூடியில் வைத்தார்.

"இந்தப் பொண்ணு லைன்ல இல்லையே. சிக் லீவு. இவளுக்குக் கோட்டு வேண்டாம்."

அட்டையிலிருந்து அவளுடைய தங்கை முறைத்துப் பார்த்தாள். புகைப்படக்காரர் "சிரிக்காதம்மா" என்று சொன்னதால் வந்த முறைப்பு அது. மிஷின் ஓடாமல் நின்றது.

"நாளைக்கு வந்துடுவா சார்."

"காய்ச்சல்னு நர்ஸ் சொன்னாங்களே."

"விட்டுடுச்சு சார். காலைலயே எழுந்து உக்காந்துட்டா. ஆளு குறையாம இருந்தா உங்களுக்கும் நல்லதுதானே."

காய்ச்சல் விடவில்லை. ஏறிக்கொண்டிருந்தது.

பாலிசி யோசித்தார். ஆள் குறைந்தால் ஆடிட்டர் எங்கே என்று கேட்பார். சிக் என்றால் என்ன சிக் என்று கேட்பார். அட்டையை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிப் பைக்குள் தள்ளினாள். மற்றவற்றைவிட நீளமாக நூல் விட்டு அறுத்தாள்.

*

சில நாளுக்கு முன் தங்கையின் விரலில் ஊசி இறங்கியபோது அக்கா பக்கத்து மிஷின் வரிசையில் இருந்தாள். மிஷின் ஊசி விரலுக்குள் போய் உடைந்தது. தையல்கூடத்தில் ஊசி உடைந்தால் அதற்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்து, ஒட்டுநாடாவில் ஒட்டிக் காட்டிய பிறகுதான் அந்த மிஷின் ஓடலாம். வாங்குகிறவர் வீட்டில் யாரையும் துண்டு ஊசி குத்திவிடக் கூடாது. அடித்துண்டு கிடைத்தது, நடுத்துண்டு கிடைத்தது. முனை மட்டும் கிடைக்கவில்லை. தரையில் காந்தத்தை உருட்டினார்கள். அன்று தைத்த துணிகளையெல்லாம் உலோகம் கண்டுபிடிக்கும் மிஷினுக்குள் ஒவ்வொன்றாக விட்டு எடுத்தார்கள். அது ஒரு தரமும் கத்தவில்லை. தங்கை விரலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னை அந்த மிஷினுக்குள்ள விட்டிருந்தா கத்தியிருக்கும்க்கா," என்று அன்று சாயங்காலம் சொல்லிச் சிரித்தாள்.

விரல் வீங்கி, கை வீங்கி, மணிக்கட்டு காணாமல் போனபிறகு சிரிப்பு நின்றது. கம்பெனி நர்ஸ் காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள். வெளியே போக அனுமதி கிடைத்த ஒரு மத்தியானம் ரேடியோதான் தங்கையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரேடியோ நூல் வெட்டும் மேஜையில் வேலை செய்கிறவள். வாய் ஓயாததால் அந்தப் பேர். அக்கா போக முடியாது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை ஒரே நேரத்தில் கேட்டைத் தாண்ட விட மாட்டார்கள். ஒருத்தி உள்ளே இருந்தால்தான் இன்னொருத்தி திரும்பி வருவாள் என்பது கணக்கு. அந்தக் கணக்கு எந்தச் சுவரிலும் எழுதியில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முனை உள்ளேதான் இருந்தது.

"கிழிச்சு எடுக்கணும், படுக்கைல சேர்க்கணும்," என்று டாக்டர் சொன்னாராம். "அட்டை இருந்தாத்தான் சேர்க்க முடியும். தள்ளிப் போடாதீங்க. ரத்தத்துல ஏறிட்டா அப்புறம் கையை எடுத்தாக்கூடப் பத்தாது."

அட்டையைக் கேட்டுப் பிரிப்பக்கா பாலிசியின் அறைக்கு வெளியே நின்றாள். கொடுக்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை.

"பத்திரமா இருக்கும்மா. ஆடிட் முடியட்டும். இப்போ ஆஸ்பத்திரில சேர்த்தா வேலையிடத்து விபத்துன்னு எழுதுவாங்க. அது எல்லாருக்கும் தலைவலி."

வேலைக்குச் சேர்ந்த அன்று இரண்டு அட்டைகளையும் அவரிடம் கொடுத்தவள் அவளேதான். தொலைத்துவிடப் போகிறாளே என்று தங்கையின் கையிலிருந்து பிடுங்கி வாங்கித் தன்னுடையதோடு சேர்த்துக் கொடுத்தாள். "நல்ல இடம்டி, கேட்ல காவல் இருக்கு," என்று அன்று சொன்னதும் அவள்தான்.

*

விளக்குப் போடும் நேரம். ஹாஸ்டல் அறையில் இரும்புக் கட்டில்கள் இரண்டிரண்டு அடுக்காக நின்றன. தங்கை கீழ்க்கட்டிலில், கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். முழங்கையைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. நேற்று அது முழங்கைக்குக் கீழே இருந்தது.

"நாளைக்கு நீ வேலைக்கு வரணும்," என்றாள் அக்கா.

தங்கை கண்ணைத் திறந்து பார்த்தாள். "ஏன், நர்ஸோட மாத்திரை பத்தலையா? நீயும் கொல்லப் பாக்கறியா?"

"வாயைக் கழுவு. வந்து நின்னாத்தான் உன் கோட்டு உனக்கு வரும். அட்டை அதுலதான் இருக்கு."

சொன்னாள். ஆடிட் அன்று கேட் திறந்திருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வெளியே போகலாம் என்று காட்டுவதற்காகக் காவலாளியை ஸ்டூலோடு ஓரமாக உட்கார வைப்பார்கள். கோட்டு வெளியே போகக் கூடாது, ஆள் போகலாம். கழிப்பறையில் நூலை இழுத்து அட்டையை எடுத்துக்கொண்டு, கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, ரேடியோவோடு நடந்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி பெரிய சாலையில்தான்.

"நீ?"

"நான் உள்ள இருக்கேன்."

"அப்ப ஆடிட்டர்கிட்டயே சொல்லிடலாம்ல. அதுக்குத்தானே அவங்க வர்றாங்க."

அக்கா தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள். போன ஆடிட்டில் ஒருத்தி சொன்னாள். அட்டைகள் பெட்டியில் பூட்டியிருக்கின்றன என்று சொன்னாள். ஆடிட்டர் கவனமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கைகழுவும் இடத்தில் ஒரு சுவரொட்டி வந்தது. 'இங்கு எவரும் கட்டாயத்தின்பேரில் வேலை செய்வதில்லை. ஒவ்வொரு தொழிலாளரும் தம் அடையாள ஆவணங்களைத் தம்மிடமே வைத்திருக்கிறார்.' தண்ணீர் பட்டு அழியாதபடி பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. சொன்னவளைச் சாயப்பட்டறைக்கு மாற்றினார்கள். இந்தப் பக்கம் அவள் வருவதே இல்லை.

"முதல்ல நீ ஆஸ்பத்திரிப் படுக்கைல விழு," என்றாள் கடைசியில். "நீ போய்ச் சேர்றதுக்கு முன்னாடி நான் வாயைத் திறந்தா, கேட்டை மூடுவாங்க. வண்டியை எடுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரி வரிசையிலேருந்து உன்னை இழுத்துட்டு வருவாங்க. சேர்த்த நோயாளியை இழுக்க முடியாது."

"நான் நிக்க முடியாம விழுந்துட்டா?"

"விழக் கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தங்கை மேல்கட்டிலின் கம்பிகளைப் பார்த்தாள். "நல்ல அக்காடி எனக்கு," என்றாள். அழுகை வரும்போது அவள் அக்காவை டி போட்டுத்தான் பேசுவாள்.

*

காலையில் கோட்டுகள் ஆணிகளில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு மார்பிலும் ஒரு முகம். பிரிப்பக்கா தன் கோட்டை மாட்டிக்கொண்டு, உள்பக்கம் கையை விட்டு, தைத்து முடித்த ஓரத்தைத் தடவினாள். விட்டு வைத்த நூல் இல்லை.

மறுபடி தடவினாள். வழவழவென்று இருந்தது. தங்கையின் கோட்டை எடுத்து, மாட்டிவிடும் சாக்கில் தடவினாள். அதிலும் இல்லை.

ரேடியோ தலையைக் கோதிக்கொண்டு வந்தாள்.

"கோட்டெல்லாம் உன் மேஜைக்கா வந்துச்சு?"

"பின்ன? கூடையோட வந்துச்சு. என்ன தைச்சிருக்க நீ, முனைக்கு முனை நூல் தொங்குது. உன் கையா இதுன்னு நினைச்சேன். ஒண்ணு விடாம ஒட்ட வெட்டிட்டேன். தொங்கற நூலை வெட்டத்தானே என்னைச் சோறு போட்டு வச்சிருக்காங்க."

இத்தனை வருஷமாகப் பிரிப்பக்கா தைத்த எதுவும் நூல் வெட்டும் மேஜையைத் தாண்டாமல் போனதில்லை. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலிசியை ஏமாற்றத் தெரிந்தவள் ரேடியோவின் கத்தரியை மறந்துபோனாள்.

விஷயத்தைச் சொன்னதும் ரேடியோவின் வாய் திறந்தபடி நின்றது. அவள் பேசாமல் நிற்பதை அன்றுதான் பார்க்க முடிந்தது.

"என் மேஜைக் கத்தரில வெட்டிடலாமா?"

"உன் கத்தரி, என் கத்தி எல்லாமே மேஜையோட கட்டியிருக்கு. எதிர்லயே சூப்பர்வைசர் உக்காந்திருக்கா. எப்படி?"

மணி அடித்தது. தங்கை தன் மிஷினில் உட்கார்ந்தாள். முகத்தில் பவுடர் அப்பியிருந்தது. அதன் வழியாக வேர்வை கோடு போட்டது. லைன் சூப்பர்வைசர் வந்து நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். வீங்கிய கையைப் பார்த்தாள்.

"கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது இரக்கமா, ஆடிட்டர் கண்ணில் படக் கூடாது என்பதா என்று யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசருக்கே தெரிந்திருக்காது.

ஆடிட்டர் கண்ணாடி போட்ட ஒரு பெண். மெதுவாக நடந்தாள். தங்கையின் மிஷின் அருகில் நின்றாள். ஒற்றைக் கையால் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"உங்க அட்டை உங்ககிட்ட இருக்காம்மா?"

தங்கை நல்ல கையால் நெஞ்சைத் தொட்டாள். "இருக்கு."

பாலிசி பின்னால் நின்று தலையாட்டினார். சுவரொட்டியில் இருந்த வரி அப்படியே உண்மையாகியிருந்தது.

*

சாப்பாட்டு மணி அடித்ததும் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கதவுக்கு வெளியே ரேடியோ நின்று, வருகிறவர்களிடமெல்லாம் "உள்ள அடைச்சிருக்கு, அந்தப் பக்கம் போங்க" என்று கதை அளந்தாள். உள்ளே தங்கை சுவரில் சாய்ந்து நிற்க, அக்கா அவள் கோட்டின் முன்பக்கத்தைப் புரட்டிப் பிடித்தாள்.

கடைசிக் கண்ணி துணியோடு ஒட்டிக் கிடந்தது. வெட்டிய நுனி ஒரு பொட்டுதான். அதை நகத்தால் நிமிண்ட வேண்டும். நகம் இல்லை. துணியில் மாட்டி இழை எழும்பும் என்று எல்லாருடைய நகத்தையும் ஒட்ட வெட்டச் சொல்லியிருந்தார்கள். வாரா வாரம் கையை நீட்டிக் காட்ட வேண்டும். விரல் சதை நூல்மேல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. நூலின் இழை பிரிந்து பஞ்சானது.

"அக்கா, நிக்க முடியல."

"நில்லு."

"கண்ணு இருட்டுது."

"என் தோளைப் பிடிச்சுக்கோ. பேசாத."

தப்பான இழையை இழுத்துவிட்டாள். இரண்டு கண்ணி இறுகிக்கொண்டது. வாழ்க்கை முழுவதும் மற்றவர்கள் தைத்ததைப் பிரித்தவள். கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாள் என்பார்கள். அவளே தைத்த ஒரு விரல் நீளத் தையல் பிரிய மறுத்தது. குனிந்தாள். தங்கையின் நெஞ்சோடு முகத்தை ஒட்டி வைத்து, நூல் நுனியை முன்பல்லால் தேடினாள். கோட்டுத் துணியிலிருந்து கஞ்சி வாசமும் தங்கையின் உடம்புச் சூடும் முகத்தில் அடித்தன. பல்லில் ஏதோ அகப்பட்டது. அசையாமல் அதைக் கடித்துக்கொண்டு, தலையை மெல்லப் பின்னால் இழுத்தாள்.

ஒரு கண்ணி கழன்றது. இன்னொன்று. பிறகு மொத்தமும் சரசரவென்று ஓடி வந்து வாயில் சுருண்டது.

அட்டை கையில் விழுந்தது. அக்கா வாயிலிருந்த நூலைத் துப்பினாள்.

"சேர்த்துட்டா இவ மஞ்சக் கிளிப்பை என் தலைல மாட்டிட்டு வர்றேன்," என்றாள் ரேடியோ, தங்கையின் இடுப்பில் கையைச் சுற்றியபடி. "சேர்க்கலன்னா இவளையே கூட்டிட்டு வர்றேன். வா ராணியம்மா, ஊர்வலம் போலாம்."

காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தான். எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் எழுந்திருக்கவில்லை. காலிப் பை தொங்கும் கோட்டு ஆணியில் கிடந்தது. அக்கா அதன்மேல் இன்னொரு கோட்டை மாட்டி மூடினாள்.

*

மத்தியானம் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆடிட்டருக்கு எதிர்நாற்காலி. அங்கிருந்து முற்றமும் கேட்டும் தெரிந்தன. கண்ணாடிக்கு வெளியே பாலிசி போனை வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"உங்க விருப்பத்துலதான் இங்க வேலை செய்யறீங்களாம்மா?"

"ஆமா மேடம்."

"வேலை வேண்டாம்னா நீங்க போகலாமா?"

கேட் திறந்திருந்தது. யாரும் வரவில்லை. ஆடிட்டர் எழுந்து போனால் கேட்டை மூடிவிடுவார்கள். தலை எண்ணுவார்கள். வண்டி கிளம்பும்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம். மிஷின் சத்தத்துல எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

ஆடிட்டர் உரக்கச் சொன்னாள்.

"எங்க போகணும்னு கேக்கறீங்க?"

ஆடிட்டர் சிரித்துவிட்டாள். "சரி, அப்புறம் வருவோம். இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க, சொல்லுங்க."

இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவள் என்று பேரெடுத்தவள் அன்று வாயைத் திறந்தாள்.

அம்மா பழைய துணிகளை மூட்டையாக வாங்கி வருவாள். கிழியாத பாகத்தைப் பிரித்தெடுத்து, சேர்த்துத் தைத்து விற்பாள். சின்னக் கை என்பதால் பிரிக்கிற வேலை இவளுக்கு. தைக்கத் தெரியும் முன்பே பிரிக்கத் தெரிந்துவிட்டது. யார் யாரோ தைத்தது கைக்கு வரும். கோபத்தில் தைத்தது, தூக்கக் கலக்கத்தில் தைத்தது, ஆசையாகத் தைத்தது எல்லாம் பிரிக்கும்போது தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. பிரித்துப் பிரித்தே தைக்கப் படித்துக்கொண்டாள். கல்யாணம் ஆனது. அவன் லாரி ஓட்டினான்; ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போனவன் அதை எங்கே இறக்கினானோ, இன்னும் திரும்பவில்லை. அம்மா போனபோது தங்கை இடுப்பளவு உயரம். பள்ளிக்கூடத்துக்குப் போடத் துணியில்லை. ஓட்டைக் குடை ஒன்று கிடந்தது. அதைப் பிரித்துப் பாவாடை தைத்துக் கொடுத்தாள். மழையில் நனையாத பாவாடை. பள்ளிக்கூடம் முழுக்க அவளைக் குடை என்றே கூப்பிட்டது. அழுதுகொண்டு வருவாள், மறுநாள் அதையே போட்டுக்கொண்டு போவாள்.

"உங்க தங்கையும் இங்கயா வேலை செய்யறாங்க?"

"காலைல பாத்தீங்களே மேடம். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாளே."

ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். பாலிசி கண்ணாடியில் விரலால் தட்டி, நேரமாகிறது என்று சைகை காட்டினார். பிரிப்பக்கா சங்கிலித் தையலுக்கும் சாதாத் தையலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

கேட்டுக்குள் ரேடியோ வந்துகொண்டிருந்தாள். தனியாக. தலையில் மஞ்சள் கிளிப் இருந்தது. ஆனால் ரேடியோ பேசவில்லை. காவலாளியிடம் ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் போனவளிடமும் இல்லை. தரையைப் பார்த்தபடி நடந்தாள். கண்ணாடி அறையைத் தாண்டும்போது நிமிர்ந்து, கிளிப்பைத் தொட்டுக் காட்டிவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சேர்த்துவிட்டார்கள். மற்றபடி எதுவும் தெரியாது. கையா, உயிரா, எது மிஞ்சும் என்று அந்தக் கிளிப்பில் எழுதியில்லை.

"கடைசிக் கேள்விம்மா," என்றாள் ஆடிட்டர், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளியபடி. "உங்க அடையாள அட்டை உங்ககிட்டயே இருக்கா?"

இதைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு சுவரொட்டி கிடைக்கலாம். சாயப்பட்டறை கிடைக்கும். வாங்குகிற கம்பெனி ஆர்டரை நிறுத்தினால், இத்தனை பேரும் அவளைத்தான் சபிப்பார்கள். சொல்லாவிட்டால் சாயங்காலம் கோட்டுகள் ஆணிக்குப் போகும், அட்டைகளும் அவற்றோடே போகும், வீங்கிய அடுத்த கை நர்ஸின் மாத்திரைக்குப் போகும்.

எழுந்து நின்றாள். கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கண்ணாடிக்கு வெளியே பாலிசியின் நடை நின்றது.

கழற்றிய கோட்டை மேஜைமேல் உள்பக்கம் வெளியே தெரியும்படி விரித்தாள். பிரித்து முடித்த துணியை எப்படி நீவுவாளோ அப்படிச் சுருக்கம் போக நீவினாள். பிளாஸ்டிக் பையில் இருந்த முகம் கீழே கவிழ்ந்து கிடந்தது. மேலே பின்னல்போன்ற தையல் வரிசை தெரிந்தது.

"இருக்கு மேடம். இதுலதான் இருக்கு. எடுத்துப் பாருங்க."

ஆடிட்டர் கோட்டைப் புரட்டி, பையின் வாயை விரலால் நெம்பினாள். "தைச்சிருக்கே."

"நான்தான் தைச்சேன். எல்லாருக்கும். சாயங்காலம் கோட்டைக் கழட்டி வச்சுட்டுத்தான் போகணும்."

ஆடிட்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கதவுப் பிடி திரும்பும் சத்தம் கேட்டது.

பிரிப்பக்கா திரும்பவில்லை. கோட்டை மறுபடி கவிழ்த்து, மடித்து எடுத்தாள். கத்தரியைக் கொடுக்கிறவர்கள் பிடியை வாங்குகிறவர் பக்கம் வைத்து நீட்டுவதுபோல, தையல் முடிந்த முனை ஆடிட்டரின் கைப்பக்கம் இருக்கும்படி திருப்பினாள்.

"இந்த ஓரம் மேடம். நகம் இருக்கில்ல உங்களுக்கு, மெதுவா நிமிண்டி இழுங்க," என்று சொல்லிக் கொடுத்தாள்.

ஆடிட்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.